நேரடிக் கருவித் தொடர்பு: அலைபரப்புத் திறனை யார், எதைப் பார்த்து முடிவு செய்வது?

ஐம்பது மீட்டர் இடைவெளியில் இருக்கும் இரண்டு கைபேசிகள், கோபுரத்தின் துணையில்லாமல் நேரடியாகத் தரவு பரிமாறிக்கொள்ள வேண்டும். அவற்றுக்கென்று தனி அலைக்கற்றை கிடையாது. மற்றவர்கள் கோபுரத்துக்குத் தரவு அனுப்பும் அதே அலைக்கற்றையைத்தான் இவையும் பகிர்ந்துகொள்ள வேண்டும். எல்.டி.இ. (4ஜி) கைபேசி ஒன்று வழக்கமாக அனுப்பக்கூடிய உச்சத் திறன் 23 டிபிஎம், அதாவது ஏறத்தாழ 200 மில்லிவாட். (டிபிஎம் என்பது ஒரு மில்லிவாட்டைச் சுழியமாக வைத்து டெசிபலில் சொல்லும் அளவு. 10 டெசிபல் ஏறினால் திறன் பத்து மடங்கு, 10 இறங்கினால் பத்தில் ஒரு பங்கு.) அது இறங்கக்கூடிய அடிமட்டம் மைனஸ் 40 டிபிஎம், அதாவது ஒரு மில்லிவாட்டில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. உச்சத்துக்கும் அடிக்கும் இடையே 20 லட்சம் மடங்கு வேறுபாடு. இவ்வளவு அகன்ற இடைவெளியில் எந்தப் புள்ளியில் நிற்பது என்பதைச் சில மில்லிநொடிகளுக்கு ஒருமுறை யாராவது முடிவு செய்தாக வேண்டும்.

இதற்கு ஆறேழு வழிகள் உண்டு. அவற்றை அருகருகே வைத்துப் பார்ப்பதற்கு முன், இந்தச் சிக்கல் பழைய கைபேசிச் சிக்கலைவிட ஏன் கடினமானது என்பதைச் சொல்லிவிட வேண்டும். கோபுரத்துக்கு அனுப்பும்போது கேட்கும் காது ஒன்றுதான். அருகில் இருப்பவர் திறனைக் குறைக்கிறார், தொலைவில் இருப்பவர் கூட்டுகிறார், எல்லாருடைய சிக்னலும் அந்த ஒரு காதில் சமமாக விழுகிறது. அருகில் இருப்பவர் தொலைவில் இருப்பவரை அமுக்கிவிடும் ஆபத்து அத்தோடு தீர்ந்தது. நேரடித் தொடர்பிலோ, தமக்குள் பேசும் ஒவ்வொரு இணைக்கும் தனித்தனிக் காது. ஒரு காதில் சமமாக விழும்படி சீராக்கிய சிக்னல்கள் பக்கத்துக் காதில் ஏறுமாறாக விழுகின்றன. போதாக்குறைக்கு, பக்கத்து அலைவரிசைத் துண்டில் உரக்க அனுப்பும் ஒரு கருவியின் கசிவே மெல்லிய சிக்னலை மூழ்கடித்துவிடுகிறது. எல்லாக் காதுகளுக்கும் ஒரே நேரத்தில் இதமான ஒரு தீர்வு, பொதுவாக, இல்லை.

ஆகவே ஒவ்வொரு வழியையும் நான் ஒரே கேள்வியால்தான் அளக்கிறேன்: அனுப்பும் கருவிக்கு உரிய நேரத்தில், நம்பத்தக்க வகையில் வந்து சேரும் தகவல் எது? ஆய்வுத் தாள்களில் அழகாகத் தெரியும் பல முறைகள், வந்து சேராத தகவலை வந்ததாக எடுத்துக்கொள்கின்றன. கணக்கு சரியாகவே இருக்கும், கருவிதான் இருட்டில் நிற்கும்.

மாறாத திறன்

எல்லாரும் உச்சத்திலேயே அனுப்புவது. மிக எளிது, அளவீடு எதுவும் வேண்டாம். கோபுரமே இல்லாத இடத்தில், யார் கேட்பார்கள் என்று தெரியாமல் அனுப்பும் அவசர அழைப்புக்கு இதுவே சரி. கைபேசித் தரங்களை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பு, தன் தரத் தொகுப்பின் 12ஆம் வெளியீட்டில் நேரடித் தொடர்பை முதலில் கொண்டுவந்தபோது பொதுப் பாதுகாப்புப் பணியாளர்களைத்தான் மனத்தில் வைத்திருந்தது. இடிபாடுகளுக்குள் இருக்கும் தீயணைப்பு வீரருக்குச் செய்தி போய்ச் சேர்வதுதான் முக்கியம், மின்கலச் சிக்கனம் பிறகு. அந்த வெளியீட்டில், கோபுரமே இடம் ஒதுக்கித்தரும் முறையில், ஒற்றை பிட் கட்டளை ஒன்று இருந்தது: ஒரு மதிப்பு வந்தால் உச்சத் திறனில் அனுப்பு, மற்றது வந்தால் சூத்திரப்படி அனுப்பு. எளிமைக்கும் ஓர் இடம் வேண்டும் என்பதை வடிவமைத்தவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

பகிர்ந்த அலைக்கற்றையில், கோபுரம் காதுகொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கும் இடத்தில், இந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். காரணத்தை அடுத்த கணக்கே காட்டிவிடும்.

பாதை இழப்பைப் பார்த்து முடிவு செய்வது

திறந்த வளைய முறை என்று இதைச் சொல்வார்கள். கோபுரம் தன் அடையாள சிக்னலை என்ன திறனில் அனுப்புகிறது என்பது கருவிக்குத் தெரியும். தன்னிடம் வந்து சேரும்போது அது எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று அளந்தால், இடையில் எத்தனை டெசிபல் கரைந்தது என்பது கிடைத்துவிடும். அந்த இழப்பை ஆல்ஃபா என்ற எண்ணால் பெருக்கி, அடிப்படை அளவு ஒன்றோடு கூட்டி, அலைவரிசையின் அகலத்துக்கேற்பச் சரிசெய்தால் அனுப்ப வேண்டிய திறன் வருகிறது. ஆல்ஃபா 0 என்றால் இழப்பைப் பொருட்படுத்தவில்லை, 1 என்றால் முழுவதையும் ஈடுசெய்கிறோம். எல்.டி.இ. இடையில் 0.4 முதல் 0.9 வரையிலான மதிப்புகளையும் அனுமதிக்கிறது.

எந்த இழப்பை அளப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 12ஆம் வெளியீட்டின் நேரடித் தொடர்பில் கருவி அளப்பது எதிரில் இருக்கும் கருவிக்கான இழப்பை அன்று, கோபுரத்துக்கான இழப்பை. முதலில் விந்தையாகத் தோன்றும். பேசப்போவது பக்கத்தில் இருப்பவரிடம், அளப்பதோ தொலைவில் இருக்கும் கோபுரத்தை! ஆனால் அங்கே காப்பாற்றப்படுவது கோபுரத்தின் காது. கோபுரத்துக்கு அருகில் நிற்பவர் மெல்லப் பேச வேண்டும், தொலைவில் நிற்பவர் சற்று உரக்கப் பேசலாம்.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். 180 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு துண்டில், நேரடித் தொடர்பால் கோபுரத்தில் விழும் குறுக்கீடு மைனஸ் 120 டிபிஎம் அளவைத் தாண்டக்கூடாது என்று வைத்துக்கொள்வோம். நல்ல ஏற்பி (சிக்னலைப் பெறும் கருவி) உள்ள கோபுரத்தில் இது இரைச்சல் மட்டத்தை ஏறத்தாழ ஒன்றரை டெசிபல் உயர்த்தும், பொறுத்துக்கொள்ளலாம். 2 கிகாஹெர்ட்ஸில் தடையில்லாத 50 மீட்டர் தொலைவில் பாதை இழப்பு சுமார் 72 டெசிபல். கையும் உடலும் மறைப்பதற்குக் கொஞ்சம் சேர்த்து, இரண்டு கருவிகளுக்கும் இடையே 75 டெசிபல் என்போம். கேட்கும் கைபேசியின் இரைச்சல் மட்டம் அதே அகலத்தில் மைனஸ் 112 டிபிஎம்.

கோபுரத்துக்கு மிக அருகில், இழப்பு 80 டெசிபல் மட்டுமே உள்ள இடத்தில் இந்த இணை இருந்தால் அனுமதிக்கப்படும் திறன் மைனஸ் 40 டிபிஎம். எதிர்க் கருவியில் விழுவது மைனஸ் 115. இரைச்சலுக்கும் கீழே போய்விட்டது, தொடர்பு ஏற்படாது. நடுவில், இழப்பு 110 டெசிபல் உள்ள இடத்தில், திறன் மைனஸ் 10. இப்போது சிக்னல் இரைச்சலைவிட 27 டெசிபல் மேலே நிற்கிறது, அருமையான தொடர்பு. எல்லையில், இழப்பு 130 டெசிபல் என்றால் 10 டிபிஎம் வரை அனுப்பலாம், அப்போது கிடைப்பது 47 டெசிபல். இவ்வளவை வைத்துக்கொண்டு செய்வதற்கு எதுவுமில்லை. 20 டெசிபல் போதும் என்றால் மைனஸ் 17 டிபிஎம்மே போதுமானது. கோபுரத்தை மட்டும் பார்த்து முடிவெடுத்த கருவி தேவையைப்போல் 500 மடங்கு அனுப்புகிறது. கோபுரத்துக்கு அதனால் கேடில்லை. அக்கம்பக்கத்தில் அதே துண்டைப் பகிரும் மற்ற இணைகளுக்கும், கருவியின் மின்கலத்துக்கும்தான் கேடு.

5ஜியின் நேரடித் தொடர்பை வகுத்த 16ஆம் வெளியீடு இந்தக் குறையைச் சரிசெய்தது. ஒருவருக்கு ஒருவர் பேசும் தொடர்பில், கேட்கும் கருவி தான் பெற்ற சிக்னலின் அளவை அனுப்பியவருக்குத் திரும்பச் சொல்கிறது. அதிலிருந்து இருவருக்கும் இடையிலான இழப்பு கிடைக்கிறது. கோபுரத்தைக் காக்க ஒரு வரம்பு, எதிர்க் கருவியை எட்ட ஓர் அளவு, இரண்டில் எது சிறியதோ அதுவே திறன். மேலே சொன்ன எல்லைப்புற இணை இப்போது மைனஸ் 17 டிபிஎம்மிலேயே நின்றுவிடும். இவ்வளவு சிறிய மாற்றம் இவ்வளவு பலன் தருவது பொறியியலில் அரிது. குழுவுக்கோ எல்லாருக்குமோ அனுப்பும்போது ஒரே ஒரு எதிர்க் கருவி என்று எதையும் சொல்ல முடியாது. ஆகவே அங்கே கோபுர வரம்பு மட்டுமே செயல்படும்.

இந்த முறையின் வலிமை அடக்கத்தில் இருக்கிறது. அளக்கும் இழப்பு நூற்றுக்கணக்கான மில்லிநொடிகளுக்குச் சராசரியாக்கப்பட்டது, அதனால் நிதானமாக மாறும். கோபுரத்திலிருந்து வரும் அலைவரிசையும் கோபுரத்துக்குப் போகும் அலைவரிசையும் வேறாக இருந்தாலும், தொலைவும் மறைப்பும் தரும் சராசரி இழப்பு இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றே. நொடிக்கு நொடி சிக்னல் ஏறி இறங்கும் மங்கல்தான் வேறுபடும், அதை இந்த முறை துரத்துவதே இல்லை.

ஆனால் ஒன்றை இது காணவே காணாது: கேட்கும் கருவியின் மேல் விழும் குறுக்கீடு. அதே எல்லைப்புறத்தில் வேறொருவர் 23 டிபிஎம்மில் கோபுரத்தை நோக்கிக் கத்திக்கொண்டிருக்கிறார், அவருக்கும் நம் கேட்கும் கருவிக்கும் இடையே 90 டெசிபல் இழப்பு என்றால், வந்து விழும் குறுக்கீடு மைனஸ் 67 டிபிஎம். அதைவிட 20 டெசிபல் மேலே நிற்க நம் கருவி 28 டிபிஎம் அனுப்ப வேண்டும். கருவியால் முடியாது, கோபுரத்தின் வரம்பும் விடாது. இங்கே எந்தத் திறன் கட்டுப்பாடும் உதவாது. வேறு துண்டுக்கு மாறுவதுதான் தீர்வு. துண்டு ஒதுக்கீட்டில் செய்த பிழையைத் திறனைக் கூட்டிச் சரிசெய்ய முயலும் வடிவமைப்புகளை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அது பிழையைப் பக்கத்து இணைக்குத் தள்ளிவிடுவதில்தான் முடிகிறது.

கேட்பவர் சொல்லக் கேட்டு ஏற்றி இறக்குவது

மூடிய வளையத்தில் ஏற்பி 'கூட்டு, குறை' என்று தொடர்ந்து கட்டளை அனுப்பும். எல்.டி.இ.க்கு முந்தைய சி.டி.எம்.ஏ. முறைக் கைபேசிகள் இதனால்தான் வாழ்ந்தன. ஐ.எஸ்.-95 தரத்தில் நொடிக்கு 800 முறை, டபிள்யூ.சி.டி.எம்.ஏ.வில் 1500 முறை. எல்லாரும் ஒரே அலைவரிசையில் ஒரே காதை நோக்கிப் பேசியதால், ஒருவர் சற்று உயர்ந்தாலும் மற்றவர் அத்தனை பேரும் பாதிக்கப்பட்டார்கள். அந்த வேகம் அவர்களுக்குத் தேவைப்பட்டது.

நேரடித் தொடர்பில் இது அவ்வளவு பயன்படாது. பெரும்பாலான செய்திகள் குறுகியவை, விட்டுவிட்டு வருபவை. கட்டளை போய்ச் சேர்வதற்குள் பேச்சே முடிந்திருக்கும். ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் அனுப்பவும் கேட்கவும் இந்தக் கருவிகளால் முடியாது என்பதால், ஒவ்வொரு கட்டளையும் தரவுக்கான நேரத்தைத் தின்கிறது. 5ஜி நேரடித் தொடர்புக்கு இந்த விரைவான வளையம் சேர்க்கப்படவில்லை, அந்த முடிவு எனக்குச் சரியென்றே படுகிறது. காணொளி போன்று நீண்டு ஓடும் தரவுக்கு மட்டும், திறந்த வளையத்தின் மேல் மெதுவான திருத்தமாக இதை வைக்கலாம். புளூடூத் 5.2 குறைந்த ஆற்றல் இணைப்புகளுக்குக் கொண்டுவந்த திறன் கட்டுப்பாடு அத்தகையது: கேட்பவர், வரும் சிக்னல் தனக்கு வசதியான அளவுக்குள் இருக்கும்படி அனுப்புபவரைக் கேட்டுக்கொள்கிறார்.

இலக்கை விரட்டும் முறை

இனி வருவது இந்தத் துறையின் மிக அழகிய முடிவு. அதன் மேல் எனக்குத் தனிப் பற்று உண்டு. ஆகவே நிதானமாகவே சொல்கிறேன்.

ஒவ்வொரு இணையும், சிக்னலுக்கும், குறுக்கீடு இரைச்சல் இரண்டின் கூட்டுத்தொகைக்கும் உள்ள விகிதத்துக்கு ஓர் இலக்கு வைத்துக்கொள்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் தான் பெற்ற விகிதத்தை இலக்கோடு ஒப்பிடுகிறது. பாதிதான் கிடைத்தது என்றால் திறனை இரட்டிப்பாக்குகிறது, இரட்டிப்பாகக் கிடைத்தது என்றால் பாதியாக்குகிறது. வேறெதுவும் இல்லை. பிறர் இழப்பு, பிறர் திறன், பிறர் எண்ணிக்கை, எதையும் அறிய வேண்டாம். எல்லா இணைகளின் இலக்குகளையும் ஒரே நேரத்தில் எட்ட ஏதாவது ஒரு வழி இருந்தால், இந்த எளிய விதி அந்த வழியை, அதுவும் மிகக் குறைந்த திறனில், தானே கண்டடையும் என்று ஃபோஷினியும் மிலியானிச்சும் 1993இல் நிறுவினார்கள். 1995இல் யேட்ஸ் அதைப் பொதுமைப்படுத்தினார். கருவிகள் ஒரே தாளத்தில் இயங்காமல், பழைய தகவலை வைத்துக்கொண்டு ஆளுக்கொரு நேரத்தில் திருத்தினாலும் முடிவு மாறாது என்பதும் அதிலிருந்து தெளிந்தது.

அந்த 'ஏதாவது ஒரு வழி இருந்தால்' என்ற நிபந்தனையில்தான் சிக்கல் ஒளிந்திருக்கிறது. இரண்டு இணைகளை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் தன் துணைக்குச் சேர்ப்பதில் பத்தில் ஒரு பங்கை மற்ற இணையின் காதிலும் போடுகிறது. ஏற்பியில் இரைச்சலை 1 என்று வைப்போம். இலக்கு 5 மடங்கு என்றால், தனியாக இருந்தபோது ஒவ்வொன்றுக்கும் 5 அலகுத் திறன் போதும். இருவரும் சேர்ந்தபோது முதல் சுற்றில் 7.5, அடுத்து 8.75, பிறகு 9.375 என்று ஏறி, 10இல் நிலைகொள்கிறது. நல்லது, இரட்டிப்போடு நின்றது. இலக்கை 9 மடங்காக உயர்த்துங்கள். நிலைகொள்ளும் புள்ளி 90 அலகு. இலக்கு 5இலிருந்து 9க்குப் போனதில் கொள்கையளவிலான தரவு வேகம் ஒரு ஹெர்ட்ஸுக்கு 2.58 பிட்டிலிருந்து 3.32 பிட்டாகிறது, இருபத்தெட்டு விழுக்காட்டுக்கு மேல் உயர்வு. அதற்குக் கொடுத்த விலை ஒன்பது மடங்கு திறன். இலக்கை 10 ஆக்கினால் முடிவே இல்லை. இருவரும் ஒருவரை ஒருவர் விரட்டிக்கொண்டு ஏறிக்கொண்டே போவார்கள், கருவியின் உச்சத்தில் முட்டும்வரை.

உச்சத்தில் முட்டியபின் நேர்வது நினைத்துப் பார்க்கவே வருத்தமானது. இலக்கை எட்டவே முடியாத பலவீனமான இணை, எட்டாது என்று அறியாமல் முழு மூச்சோடு அனுப்பிக்கொண்டே இருக்கும். தன் மின்கலம் வீண், மற்றவர்களுக்கும் கேடு. மிக மோசமான நிலையில் இருப்பவர் மிக அதிகமாகச் செலவழிக்கும்படி அமைந்த விதி இது. ஆகவே இந்த முறையைத் தேர்ந்தெடுப்பவர் மூன்று காப்புகளையும் சேர்த்தே எடுக்க வேண்டும். முதலாவது, இலக்கு இறுக்கமாக இல்லாமல், குறுக்கீடு கூடக்கூடத் தானே தளர வேண்டும். இரண்டாவது, சில சுற்றுகளுக்குப் பின்னும் எட்டவில்லை என்றால் விலகி, வேறு துண்டையோ வேறு நேரத்தையோ தேட வேண்டும். மூன்றாவதுதான் உயிரானது: கோபுரத்தைக் காக்கும் திறந்த வளைய வரம்பு எப்போதும் மேலே கூரையாக நிற்க வேண்டும். இலக்கை விரட்டும் கருவிக்குக் கோபுரத்தின் காது வலிப்பது தெரியவே தெரியாது.

விலை வைக்கும் முறைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு கருவியும் தன் நலனைப் பெருக்கும் ஆட்டக்காரர் என்று கொண்டால், எல்லாரும் தேவைக்கு மேல் உரக்கப் பேசும் நிலையில்தான் ஆட்டம் உறையும். திறனுக்கு ஒரு விலை வைத்தால் எல்லாருமே முன்பைவிட நன்றாக இருக்கும் இடத்துக்கு நகரலாம் என்று 2000ஆம் ஆண்டை ஒட்டி குட்மேன், மாந்தயம் முதலியோர் காட்டினார்கள். கருத்து ஆழமானது. நடைமுறையில் அந்த விலையை யார் நிர்ணயிப்பது, வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் அதை நேர்மையாகச் செலுத்துகின்றனவா என்று யார் பார்ப்பது என்ற கேள்விகள் எஞ்சுகின்றன. ஒரே நிறுவனம் செய்த கருவிகள் மட்டும் உள்ள மூடிய வலையமைப்பில் விலை நன்றாக வேலை செய்யும். அங்கே அதற்கு விலை என்று பெயர் வைப்பதற்கும் சூத்திரத்தில் ஒரு மாறிலி என்று பெயர் வைப்பதற்கும் பெரிய வேறுபாடில்லை.

எல்லாம் அறிந்த ஒருவர் முடிவு செய்வது

கோபுரமே எல்லா இழப்புகளையும் திரட்டி, எல்லாருடைய திறனையும் ஒருசேரக் கணித்துச் சொல்லலாம். எட்டக்கூடிய உச்சப் பலன் இதில்தான் என்று நினைக்கத் தோன்றும். இரண்டு தடைகள்.

முதல் தடை கணக்கின் கடினம். மொத்தத் தரவு வேகத்தை உச்சமாக்கும் திறன்களைக் காண்பது, இணைகள் கூடக்கூட, திறமையான வழி எதுவும் அறியப்படாத வகைச் சிக்கல் என்று லுவோவும் ஜாங்கும் 2008இல் நிறுவினார்கள். விடையைச் சுற்றுக்குச் சுற்று திருத்திக்கொண்டே போய், ஏறத்தாழச் சரியான விடை தரும் சுற்றுமுறைக் கணக்குகள் உண்டு, அவை நல்லவை. ஆகவே இந்தத் தடையை நான் பெரிதாக நினைப்பதில்லை.

இரண்டாவது தடை தகவல். 20 இணைகள் இருந்தால், ஒவ்வொரு அனுப்புநருக்கும் ஒவ்வொரு ஏற்பிக்கும் இடையே என்று 400 இழப்புகள் தெரிய வேண்டும். கோபுரம் தனக்கு வரும் பாதையை அளக்கும், கருவிகளுக்கு இடையே உள்ளதை அளக்காது. அவற்றைக் கருவிகள்தான் அளந்து சொல்ல வேண்டும். மணிக்கு 60 கிலோமீட்டரில் செல்பவருக்கு 2 கிகாஹெர்ட்ஸில் பாதையின் தன்மை சுமார் 4 மில்லிநொடியில் மாறிவிடுகிறது. நடந்து செல்பவருக்கு 40, 50 மில்லிநொடி. அளந்து, அனுப்பி, கணித்து, கட்டளை திரும்புவதற்குள் 400இல் பாதி பழங்கதை. இந்த மைய முறையை விரைவான மங்கலைத் துரத்தப் பயன்படுத்துவது வீண். யார் யாரோடு ஒரே துண்டைப் பகிரலாம் என்ற, நொடிக்கணக்கில் நிலைத்து நிற்கும் முடிவுக்கு அதுவே மிகச் சிறந்தது.

மைய முடிவுகளில் ஒன்று மட்டும் தனியே பேசத் தக்கது: யாரை முழுமையாக அனுப்பவிடுவது, யாரைச் சற்று நேரம் நிறுத்திவைப்பது. இரண்டே இணைகள் இருக்கும்போது மொத்த வேகத்தை உச்சமாக்கும் விடை எப்போதும் ஓரங்களில்தான் இருக்கும்: ஒருவர் உச்சத்தில் மற்றவர் அமைதியில், அல்லது இருவரும் உச்சத்தில். இடைப்பட்ட மதிப்புகள் தேவையே இல்லை. இரண்டுக்கு மேல் போனால் இது எப்போதும் உண்மையாகாது. ஆனாலும் எண்களைப் பார்த்தால் தெளிவு பிறக்கிறது. குறுக்கீடு இல்லாதபோது சிக்னல் இரைச்சலைப்போல் 100 மடங்கு என்று கொள்வோம். மற்றவரின் சிக்னல் நம் காதில் நம் சிக்னலின் அளவே விழுகிறது என்றால், இருவரும் சேர்ந்து பேசிக் கிடைப்பது ஹெர்ட்ஸுக்கு 2 பிட்டுக்கும் சற்றுக் குறைவு. ஒருவர் மட்டும் பேசினால் 6.66. மற்றவரின் சிக்னல் நூறில் ஒரு பங்காக விழுகிறது என்றால், இருவரும் பேசுவதில் 11.3 பிட் கிடைக்கிறது. பத்தில் ஒரு பங்கு என்றால்? சேர்ந்து பேசினால் 6.67, தனியாகப் பேசினால் 6.66. கிட்டத்தட்ட ஒன்றேதான். இந்த அளவுகளில் 10 டெசிபல் பிரிவுதான், அதாவது மற்றவரின் சிக்னல் பத்தில் ஒரு பங்காக விழுவதுதான், நீர் பிரியும் மேடு. பிரிவு அதைவிடக் குறைவாக உள்ளவர்கள் முறைவைத்துப் பேச வேண்டும், கூடுதலாக உள்ளவர்கள் சேர்ந்தே பேசலாம்.

கற்றுத் தேரும் முறைகளைப் பற்றி இப்போது நிறையப் பேசப்படுகிறது. நரம்பு வலையமைப்பு ஒன்றுக்கு லட்சக்கணக்கான மாதிரிச் சூழல்களையும், சுற்றுமுறைக் கணக்கு தந்த விடைகளையும் காட்டிப் பயிற்றுவித்தால், அது அந்த விடைகளை மிக வேகமாகத் தருகிறது. கணக்கின் காலத்தைக் குறைப்பதில் இது மெய்யான முன்னேற்றம். ஆனால் மேலே சொன்ன 400 இழப்புகள் இதற்கும் வேண்டும். மேலும், திறந்தவெளி மாதிரிகளில் பயின்றது சுவர்கள் நிறைந்த கட்டடத்துக்குள் எப்படி நடந்துகொள்ளும் என்று உறுதி சொல்ல முடியாது. கூரை வரம்பை வலையமைப்பின் கையில் கொடுக்காமல், வெளியே தனியாக வைத்தால் முயன்று பார்க்கலாம்.

கோபுரம் இல்லாத பகிர்வு

இதுவரை ஒரு கோபுரத்தைக் காவலாக வைத்தே பேசினேன். உரிமம் இல்லாத அலைக்கற்றையிலோ, கோபுரம் எட்டாத இடத்திலோ, கருவிகள் முதலில் காதுகொடுத்துக் கேட்டு, காலியாக இருந்தால் அனுப்புகின்றன. இங்கே திறனைக் குறைப்பதற்கு எதிர்பாராத ஒரு விலை உண்டு. மெல்லப் பேசுபவரைத் தொலைவில் இருப்பவர் கேட்பதில்லை. அலைவரிசை காலி என்று நினைத்து உரக்கத் தொடங்கிவிடுகிறார். பண்போடு திறனைக் குறைத்தவர் நசுங்குகிறார், உரக்கப் பேசுபவர் தழைக்கிறார். ஆகவே இந்தச் சூழலில் தனியொரு கருவி திறனைக் குறைப்பது அறிவுடைமை ஆகாது. எல்லாரும் ஒரே விதிப்படி குறைக்க வேண்டும், அல்லது குறைத்த அளவுக்கேற்பக் கேட்கும் நுண்மையின் வரம்பையும் மாற்ற வேண்டும். வாகனங்களுக்கு இடையிலான தொடர்பில் இதை நன்றாகவே கையாள்கிறார்கள். அலைவரிசை எவ்வளவு நேரம் நிரம்பியிருக்கிறது என்ற விகிதத்தை ஒவ்வொரு வாகனமும் தொடர்ந்து அளக்கிறது. நெரிசல் கூடும்போது எல்லாரும் ஒரே அட்டவணைப்படி அடங்குகிறார்கள். செய்தி எல்லாருக்குமானது, எதிரில் இன்னார் என்று இல்லை. ஆகவே ஓர் இணைக்கான பாதை இழப்பைக் கணக்கிடுவதே அங்கே பொருளற்றது.

பகிர்ந்த அலைக்கற்றையில் கேட்பவரின் காதில் விழும் மொத்தக் குறுக்கீட்டையே நேரடியாக வரம்பிட முயன்ற வரலாறும் உண்டு. அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி. 2003இல் 'குறுக்கீட்டு வெப்பநிலை' என்ற கருத்தை முன்வைத்தது: ஏற்பி இருக்கும் இடத்தில் குறுக்கீடு இந்த அளவைத் தாண்டாதவரை யாரும் அனுப்பலாம். 2007இல் அதைக் கைவிட்டது. அனுப்புபவரால் தன் இடத்தில் அளக்க முடியும், முன்பின் தெரியாத ஏற்பியின் இடத்தில் அளக்க முடியாது என்ற தடை இன்றும் அப்படியே நிற்கிறது. பேசாமல் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கும் ஏற்பியைக் காப்பதுதான் பகிர்வின் மிகக் கடினமான பகுதி.

எதை எங்கே தேர்ந்தெடுப்பேன்

கோபுரத்தின் அலைக்கற்றையைப் பகிரும் வலையமைப்பை நாளையே அமைக்கச் சொன்னால், இரண்டு இழப்புகளிலிருந்தும் வரும் திறன்களில் சிறியதை எடுக்கும் திறந்த வளையத்தை அடித்தளமாக வைப்பேன். கோபுரப் பக்கத்தில் ஆல்ஃபாவை 1 என்றே வைப்பேன். எங்கே நின்றாலும் கோபுரத்தில் விழும் குறுக்கீடு ஒரே அளவாக இருப்பதுதான் அந்த வரம்பின் நோக்கம். கருவிப் பக்கத்தில் 0.8 போல ஓரளவு தளர்த்துவேன், தொலைவில் இருக்கும் இணைகள் ஊரையே எழுப்பாமல் இருக்க. எந்த இணைகள் ஒரே துண்டைப் பகிரலாம் என்பதைக் கோபுரம் நொடிக்கு ஒருமுறை முடிவு செய்யட்டும். அதற்கு 400 இழப்புகளும் துல்லியமாக வேண்டாம், 10 டெசிபல் பிரிவு உண்டா இல்லையா என்று தெரிந்தால் போதும். நீண்டு ஓடும் தொடர்புகளுக்கு மட்டும் இலக்கை விரட்டும் திருத்தத்தை, மூன்று காப்புகளோடு, கூரைக்குக் கீழே சேர்ப்பேன்.

கோபுரமில்லாத அவசரத் தொடர்புக்கு மாறாத திறன். வாகனங்களுக்கு நெரிசல் விகித அட்டவணை. ஒரே தொழிற்கூடத்துக்குள் நகராமல் நிற்கும் உணரிகளுக்கு மைய முறை முழுமையாகவே பொருந்தும், அங்கே பாதைகள் மணிக்கணக்கில் மாறுவதில்லை.

கோபுரத்துக்கு மிக அருகில் இருக்கும் அந்த முதல் இணை மட்டும் இன்னும் மிச்சமிருக்கிறது, மைனஸ் 40 டிபிஎம்மில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காமல் நிற்கும் இணை. அதற்குத் திறனைக் கூட்டித் தரச் சொல்லி வரும் கோரிக்கையை நான் ஏற்கமாட்டேன். கோபுரம் அவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது இருவரும் கோபுரத்தின் வழியாகவே பேசிக்கொள்ளட்டும். அங்கே நேரடித் தொடர்புக்கு மாறாமல் இருப்பதே சரியான திறன் கட்டுப்பாடு.